ரொபியின் அரங்கேற்றம்

மகள் குதிரையில் ஏறித் தடை தாண்டப்போகிறாள் என்றால் மற்ற வீடுகளில் தாயும் தகப்பனும் ஆளுக்கொரு தொப்பியைப் போட்டுக்கொண்டு, மடக்குக் கதிரை இரண்டைக் காருக்குள் எறிந்துகொண்டு போய்ப் பார்ப்பார்கள். என் கணவர் பஸ் பிடித்தார். டண்டினொங் ரயில் நிலையத்துக்கு முன்னால் சனிக்கிழமை காலை பஸ் நிற்கும் என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் அறிவித்தார். மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சல் சொன்னார். மகளும் குதிரையும் நிற்கிற படத்தைப் பெரிதாக அடித்து, மேலே 'வாழ்த்துகிறோம்' என்று போட்டு ஒரு பதாகையும் செய்வித்தார். எனக்குப் பட்டுச்சீலை என்று தீர்ப்பு வழங்கினார்.

"குதிரைச் சாணத்துக்குள்ள பட்டுச்சீலையோ?" என்று கேட்டேன்.

"அரங்கேற்றத்துக்கு ஆரும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருவினமே, மிருணா?" என்றார்.

இவரையும் முழுதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் மயூரா பரதநாட்டிய வகுப்பைச் சின்னதிலேயே விட்டுவிட்டாள். இந்த மெல்பர்னில் ஊரார் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கெல்லாம் வருடக்கணக்காகப் போய் முன்வரிசையில் இருந்து கைதட்டிய மனுசன் இவர். தன் பிள்ளைக்கு ஒருநாள் மற்றவர்கள் கைதட்ட வேண்டும் என்ற ஆசையை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அதைக் கொண்டுபோய் ஒரு குதிரையின் முதுகில் வைத்தார்.

அந்தக் குதிரைக்குப் பெயர் ரொபி. மில்க் ரொபி இனிப்பின் நிறம். முன்பு பந்தயக் குதிரையாக இருந்து, கிரான்பர்ன் திடலில் சில தடவை ஓடி, ஒருநாளும் முன்னுக்கு வராமல் ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பென்சன், பேரப்பிள்ளை என்பதெல்லாம் மனிதருக்குத்தான். ஓடாத பந்தயக் குதிரை எங்கே போய்ச் சேரும் என்று நான் விசாரித்துப் பார்த்ததும் இல்லை, விசாரிக்க விரும்பியதும் இல்லை. இவனை மயூரா கேட்டு வாங்கிக்கொண்டாள். கிரான்பர்னுக்கு அப்பால் ஷெரன் என்ற பெண்ணின் பண்ணையில் அவனுக்கு இடம். மயூராவுக்குப் பழக்குவதும் ஷெரன்தான்.

நல்ல மனுசி. பிழை விட்டது நாங்கள். போன விஜயதசமிக்கு இவர் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு சீலை எல்லாம் அடுக்கிக்கொண்டு பண்ணைக்கே போய்விட்டார். மயூராவை ஷெரனின் காலில் விழுந்து கும்பிடச் சொன்னார். பிள்ளை விழுந்ததைக் கண்டு ஷெரன் பயந்துபோய், மயக்கம் வந்துவிட்டதோ என்று தூக்க ஓடிவந்தார். விஷயத்தை விளங்கப்படுத்தியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேசிக்கொண்டு நின்ற நேரத்தில் ரொபி வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டான்.

அன்றிலிருந்து ஷெரன் எங்கள் வீட்டில் கோச் இல்லை, குரு. குரு என்றால் எங்கள் ஆட்களுக்கு என்னவென்று சொல்லத் தேவையில்லை. நடன ரீச்சர் இன்னொருக்கால் ஆடு என்றால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எந்தத் தாயும் வாய் திறப்பதில்லை.

சனிக்கிழமைப் போட்டி கிப்ஸ்லண்ட் பக்கத்தில் ஒரு விவசாயக் கண்காட்சி மைதானத்தில். அதில் பிழையில்லாமல் ஓடி முடித்தால் மாநிலப் பாடசாலைக் குழுவுக்கு மயூரா எடுபடுவாள். வியாழன் பின்னேரம் அவள் குசினிக்குள் வந்து, குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள். அப்படிச் செய்தால் ஏதோ சொல்ல இருக்கிறது என்று அர்த்தம்.

"அம்மா, ரொபிக்கு என்னவோ சரியில்லை. ஐ கேன் ஃபீல் இட். இடது முன்கால்."

"நொண்டுறானோ?"

"நடக்கேக்க தெரியேல்லை. ஆனா தடைக்குக் கிட்ட போனா நிண்டிடுறான். முந்தி ஒருநாளும் நிக்கமாட்டான்."

"ஷெரன் என்ன சொல்லுறா?"

"புரொபப்லி ஃபைன் எண்டுறா. கொஞ்சம் பஞ்சியா, சோம்பலா இருக்கிறானாம். ஓடுறதோ விடுறதோ உங்கட முடிவு எண்டும் சொன்னா."

"நீ என்ன சொன்னனி?"

"நான் என்ன சொல்லுறது? அப்பா பஸ் புக் பண்ணிட்டாரெல்லே."

நான் வேலை செய்வது முதுகுத்தண்டு அடிபட்டவர்களைத் திரும்பவும் எழுப்பி இருத்தப் பழக்கும் வார்டில். போன மாரியில் அங்கே ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தடை தாண்டி இறங்கும்போது குதிரையின் கால் மடங்கியிருக்கிறது. குதிரை அவள் மேலேயே விழுந்திருக்கிறது. கரண்டி பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை. மயூராவின் வயதுதான். நான் வீட்டில் அதைச் சொல்லவில்லை, சொன்னால் இவர் குதிரையையே நிறுத்திவிடுவார் என்று. இப்போது யோசித்தால் சொல்லியிருக்கலாம் போல் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம் கதையை எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, ரொபிக்குக் கால் ஏலாதாம். பிள்ளை சொல்லுறாள்."

"ஷெரன்?"

"பரவாயில்லை எண்டு சொன்னாவாம். ஆனா முடிவு எங்கடையாம்."

"அது மரியாதைக்குச் சொல்லுறது, மிருணா. வீட்டுக்கு வாற ஆக்களுக்கு உங்கட வீடு மாதிரி நினையுங்கோ எண்டு நாங்கள் சொல்லுறேல்லையே? அதுக்காக அவை கட்டிலைத் தூக்கிக்கொண்டு போறேல்லை." தன் பகிடிக்குத் தானே சிரித்துவிட்டு, "குருவுக்குத் தெரியாததே உமக்கும் எனக்கும் தெரியப்போகுது?" என்றார்.

மயூரா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். நான் இவருக்கு இன்னொரு கரண்டி கறி போட்டேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகப் பண்ணைக்குப் போனேன். மயூரா ரொபியின் காலுக்குக் குழாய்த் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள். நான் சப்பாத்தோடு சேற்றில் குந்தி, ஒரு கையை இடது காலிலும் மற்றக் கையை வலது காலிலும் வைத்துப் பார்த்தேன். சூடு, வீக்கம், நோவு மூன்றையும் தேடிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இடது கால் சூடு. கொஞ்சம்தான். வெயிலில் நின்றதாலும் இருக்கலாம். அழுத்தியபோது ரொபி காலை இழுத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். குதிரையின் கண் பெரிது. அதில் என் முகம் தெரிந்தது, எனக்கே பிடிக்காத ஒரு முகம்.

மிருக வைத்தியரின் கிளினிக்கிற்குக் கோல் பண்ணினேன். திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார்கள்.

அதற்குள் இவரும் வந்து சேர்ந்துவிட்டார், கையில் சுருட்டிய பதாகையோடு. ஷெரனுக்குக் காட்ட வேண்டுமாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் அதை விரித்துப் பிடித்தார். ஷெரன் பதாகையைப் பார்த்தார், பிறகு ரொபியின் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். பஸ் நிறைய என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

"நாளைக்கு என்ன செய்கிறது என்பது உங்கள் முடிவு," என்று ஷெரன் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். "அனேகமாகச் சமாளித்துவிடுவான்."

நான் சிரித்தேன். பெரியவர்கள் ஏதாவது சொன்னால் நாங்கள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அந்தச் சிரிப்பு. ஷெரனும் சிரித்தார். கேட்க வேண்டியதை நான் விழுங்கிக்கொண்டு காரில் ஏறினேன்.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு பாஸ்கரும் மீனாம்பாளும் வந்தார்கள். மதுரைப் பக்கத்துக்காரர்கள். பஸ்ஸில் அவர்களுக்கும் இடம் போட்டிருந்தது. பாஸ்கர் வந்ததும் வராததுமாக, "சார், ஒரு சிக்கல்," என்றார். "நாளைக்கு அதே கிரவுண்ட்ல சாயங்காலம் ரோடியோ இருக்காம். எங்க ஹரிப்பிரியா அவ யூனிவர்சிட்டி ஆளுங்களோட கேட் முன்னாடி போர்டு பிடிச்சுட்டு நிக்கப்போறா. காளை மேல உட்கார்றது கொடுமையாம்."

"ரோடியோ கொடுமைதானே," என்றார் இவர். "வாரைக் கட்டி இறுக்கி மாட்டைத் துள்ளவைக்கிறது. பாவம்."

"அப்படிச் சொல்லாதீங்க. ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தப்போ ஃபெடரேஷன் ஸ்கொயர் போராட்டத்துல உங்களோட சேர்ந்து கத்தினேன் நான். இப்ப எம்பொண்ணு என்னையே கேக்கிறா, அது மட்டும் எப்படிப்பா சரின்னு. நான் என்ன சொல்ல? நம்ம காளையப் புள்ள மாதிரி வளக்கிறோம்னு சொன்னேன். ரோடியோக்காரனும் அதையேதாம்பா சொல்றான்னு சொல்லிட்டுப் போயிட்டா."

"அது வேற, இது வேற," என்றார் இவர். எது வேறு, எதிலிருந்து வேறு என்று சொல்லவில்லை. "எங்கட ரொபிக்கு நாங்கள் அப்பிள் வெட்டி ஊட்டுறம். அந்தப் பக்கத்துக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

மீனாம்பாள் என்னைப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டார். தலையிடி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்தபோதே வெயில் கொளுத்தியது. மயூராவும் ஷெரனும் குதிரை ஏற்றும் வண்டியில் முன்னதாகப் போய்விட்டார்கள். நான் பட்டுச்சீலையும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக பஸ்ஸில் இருந்தேன். பஸ்ஸுக்குள் பாட்டு, பகிடி, வடை. யாரோ மேளம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். யோகா அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்து, குதிரை எத்தனை மணித்தியாலம் ஆடும் என்று கேட்டார். ஒரு நிமிசத்தில் முடிந்துவிடும் என்றேன். அதற்கா இவ்வளவு தூரம் என்று அவர் முகம் விழுந்துவிட்டது.

வாசலில் ஹரிப்பிரியாவும் கூட்டாளிகளும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ரத்தம் வழிகிற காளைப் படங்கள். எங்கள் பஸ்ஸில் இருந்தவர்கள் அவர்களுக்குக் கைகாட்டினார்கள். இவர் இறங்கிப் போய், அவர்கள் நீட்டிய ஐபேடில் ரோடியோவுக்கு எதிராக முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். "நல்ல வேலை செய்யிறீங்கள் பிள்ளையள்," என்று சொல்லி, அவர்களுக்கும் சோற்றுப் பார்சல் கொடுக்கச் சொன்னார். பாஸ்கர் மகளைப் பார்க்காததுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஹரிப்பிரியா என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, நேத்து மயூரா எனக்கு மெசேஜ் பண்ணியிருந்தா. குதிரைக்கு வலி இருந்தா எப்படித் தெரியும்னு கேட்டா. ரைடருக்குத் தெரிஞ்சா அதுவே போதும், நிறுத்திடுன்னு சொன்னேன். நிறுத்திட்டாளா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் பிள்ளையின் விஷயத்தை ரோட்டில் நின்று கத்துகிற பெண் எனக்குச் சொல்ல வேண்டுமா?

"ஷெரன் பாத்துக்கொள்ளுவா," என்றேன்.

"ஷெரனுக்கு வலிக்காதே ஆன்ட்டி," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் எரிந்தது.

உள்ளே போனபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பு. பின்னேரம் ரோடியோவுக்கு வந்த காளை ஒன்றுக்குக் குளம்பில் காயம், அது இன்று இறங்காது என்று. எங்கள் ஆட்களில் ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு அது யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. காளைக்காரன் நிறுத்திவிட்டான். அவனுக்கு எதிராக இப்போதுதான் என் கணவர் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்.

குதிரைகளைச் சூடேற்றும் வெளியில் மயூரா ரொபியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புக் கோட், கையில் சின்னச் சாட்டை. முகத்தில் ரத்தமில்லை. ரொபியின் கழுத்தில் நுரைபோல் வியர்வை. அவள் என் பக்கம் வந்தபோது, "எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்கள் மேளத்தை அடிக்கத் தொடங்கினார்கள். ரொபி துள்ளிப் பக்கவாட்டில் பாய்ந்து இறங்கினான். இறங்கியபோது தலை ஒரு தடவை மேலே எழும்பியது. இடது கால் நிலத்தில் படும்போது மட்டும் எழும்பியது. நோகிற காலில் பாரம் ஏற்றாமல் தப்புகிற அசைவு, நான் அதைக் கண்டேன். மயூராவும் நான் கண்டதைக் கண்டாள். போட்டி நடத்துகிற சிவப்புக் கோட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து மேளத்தைப் பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பினார்.

"அம்மா," என்றாள் மயூரா. அவ்வளவுதான். பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வாசலை நோக்கிப் போனாள்.

முதலில் இவரைத் தேடினேன். பார்வையாளர் மேடைப் படிக்கட்டில் பதாகையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். வருடக்கணக்காக மற்றவர்களுக்குக் கைதட்டிய கைகள். அவரிடம் போய்ச் சொல்லி, அவர் ஷெரனிடம் கேட்கச் சொல்லி, நான் ஷெரனிடம் போய், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்ற ஷெரனிடமே ஓடினேன்.

"ஷெரன், ரொபி உங்களுடைய குதிரை என்றால் இன்றைக்கு ஓட விடுவீர்களா?"

இத்தனை காலத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. ஷெரன் என்னை நேராகப் பார்த்தார்.

"இல்லை," என்றார்.

"அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை?"

"உங்கள் முடிவு என்று திரும்பத் திரும்பச் சொன்னேனே, மிருணா. மயூராவிடம் சொன்னேன். நேற்று உங்களிடம் சொன்னேன். உங்களில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்." மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "நீங்கள் பஸ் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் ஆட்கள் எல்லாரையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். என் காலில் விழுந்த குடும்பம் நீங்கள். உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயமோ, அதைக் கெடுக்க நான் யார் என்று நினைத்தேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. குரு சொல்லட்டும் என்று நாங்கள் காத்திருக்க, நாங்கள் சொல்லட்டும் என்று குரு காத்திருந்திருக்கிறார். நடுவில் ஒரு குதிரை கால் நொந்துகொண்டு நின்றிருக்கிறது. அதன் மேல் என் பிள்ளை.

ஓட்டம் தொடங்க மணி அடித்தது.

"கூப்பிடுங்கோ அவளை. நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்று நான் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இப்போது ஏலாது. அவளாகக் கையைத் தூக்கி விலகினால்தான் உண்டு. வெளியில் இருந்து யார் சொல்லிக் கொடுத்தாலும், உள்ளே யார் கால் வைத்தாலும் அவளை நீக்கிவிடுவார்கள். மாநிலக் குழு அத்தோடு சரி."

மயூரா கையைத் தூக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் போகச் சொன்ன இடத்துக்குப் போகிற பிள்ளையாகத்தான் அவளை வளர்த்திருக்கிறோம். நன்றாக வளர்த்தோம் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அவள் ஒரு வட்டம் போட்டு முதல் தடைக்குப் போனாள். ரொபி தாண்டிவிட்டான். இறங்கியபோது இரண்டு எட்டுக்குத் தடுமாறி, பிறகு நிமிர்ந்தான். எங்கள் ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். யோகா அக்கா விசில்கூட அடித்தார். பார்த்தாயா, ஒன்றுமில்லை, நீதான் பயந்து சாகிறாய் என்று எனக்குள் ஒன்று சொன்னது. எனக்கு அதை நம்ப அவ்வளவு ஆசையாக இருந்தது.

இரண்டாவது தடை உயரம். ரொபி அதற்கு நேராகப் போய், முன்னங்கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி அப்படியே நின்றுவிட்டான். மயூரா அவன் கழுத்தில் போய் மோதி, விழாமல் பிடித்துக்கொண்டாள். தடையின் தடி ஒன்று உருண்டது.

பிறகு மேடையில் இருந்து ஒரு குரல், "அடி பிள்ளை, ஒண்டு போடு."

அதன்பிறகு எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அடி, அடி, விடாதை, அடி. காலையில் வாசலில் காளைக்காக நின்ற பிள்ளைகளுக்குக் கைகாட்டிய அதே ஆட்கள். கொடியவர்கள் இல்லை, ஒருத்தரும் வீட்டில் பூனையைக்கூட அடிக்கமாட்டார்கள். பிள்ளை வெல்ல வேண்டும் என்ற அன்பில்தான் கத்தினார்கள். அவர்களுக்கு மேலால் ஒரு குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. அப்பிள் வெட்டி ஊட்டுகிற குரல்.

"அடி மயூரா. அப்பா சொல்லுறன், அடி."

மயூரா ரொபியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி தடைக்கு நேரே நிறுத்தினாள். சாட்டை பிடித்த கையைப் பின்னால் கொண்டுபோனாள். ரொபியின் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்து படுத்தன. அவன் போவான். அடி வாங்கிக்கொண்டு போவான். அந்தக் காலால் எழும்பி, அந்தக் காலிலேயே வந்து இறங்குவான்.

நான் குனிந்து வேலிக் கயிற்றுக்குக் கீழால் உள்ளே போனேன்.

ஷெரன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை. சீலைத் தலைப்பு கயிற்றில் மாட்டி இழுத்தது, இழுத்துக்கொண்டு நடந்தேன். ஓடினால் குதிரை மிரளும் என்று அந்த நேரத்திலும் தெரிந்திருந்தது. புல்லுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய், மயூராவுக்கும் அந்தத் தடைக்கும் இடையில் நின்றேன்.

மணி மீண்டும் அடித்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயரையும் குதிரையின் பெயரையும் சொல்லி, நீக்கப்பட்டார் என்றார்கள். உள்ளே வந்த பெண் தயவுசெய்து வெளியேறவும் என்றார்கள்.

"மிருணா, உமக்கு விசரே?" இவர் மேடையிலிருந்து ஓடிவந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். இத்தனை பேருக்கு முன்னால் அவர் என்னை ஏசியது அதுதான் முதல் தடவை. "பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டீர்."

"ஓம்," என்று அங்கிருந்தே சொன்னேன். "நான்தான் கெடுத்தனான். அவளை ஒண்டும் கேக்க வேண்டாம்."

மேடையில் யாரோ, என்ன நடந்தது, பிள்ளை வென்றுவிட்டாளா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாஸ்கர் மட்டும் பதாகையின் மற்ற நுனியை மெதுவாகக் கீழே விட்டார்.

மயூரா இறங்கினாள். சாட்டையைப் புல்லில் போட்டாள். நான் ரொபியின் கடிவாளத்தைப் பிடித்தேன். அவன் மூச்சு என் கையில் கொதித்தது. மூவரும் வாசலை நோக்கி நடந்தோம். முதுகில் ஆள் இல்லாமல் போனதும் அவன் மறைக்கவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் நொண்டினான். டண்டினொங்கிலிருந்து வந்த அத்தனை பேருக்கும், குதிரையைப் பக்கத்தில் பார்த்தே இராதவர்களுக்கும், அது தெரிந்தது. வேலியோரம் நின்ற இவருக்கும் தெரிந்தது. கத்தியவர் வேலியிலிருந்து கையை எடுத்தார்.

மயூரா என்னைக் கோபிப்பாள் என்று நினைத்தேன். மாநிலக் குழுவைக் கெடுத்ததற்கு, பட்டுச்சீலையோடு அவள் நண்பர்களுக்கு முன்னால் போய் நின்றதற்கு, எதற்காவது. அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் முழுக்கக் கண்ணீர். குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மெல்லிய குரலில் சொன்னாள்.

"நான் வியாழக்கிழமை சொன்னனான், அம்மா."